எண்பூட்டும் ஏதுச் சக்கரமும்

கண்ணாற் கண்டதை அறிதல் எளிது. காணாத ஒன்றைக் கண்டதன் வாயிலாகத் தவறின்றி அறிதல் அரிது. தொலைவில் மலைமேற் புகை எழக் காண்கிறோம். அங்கே நெருப்பு உண்டென்று உணர்கிறோம். நெருப்பை நாம் கண்டிலோம். ஆயினும் ஐயமின்றித் துணிகிறோம். இவ்வாறு கண்டது கொண்டு காணாததைத் துணியும் அறிவினைக் கருத்தளவை என்று தமிழ்நூல்கள் கூறும். அனுமானம் என்பதும் அதுவே.

இவ்வறிவு புலவர்க்கும் துறவியர்க்கும் மட்டும் உரியதன்று. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் ஒருவரைக் கருதுக. நெய்த துணியில் நெடுக்காக ஒரு மெல்லிய இடைவெளி தோன்றுகிறது. அவர் தறி முழுவதையும் கலைத்துத் தேடுவதில்லை. இடைவெளி நெடுக்கே விழுந்தமையால், குற்றம் குறுக்கே ஓடும் ஊடிழையில் இல்லை, பாவிழையில்தான் உள்ளது என்று முதலில் துணிகிறார். பின்னர் அவ்விடைவெளியின் வழியே அச்சினையும் விழுதினையும் நோக்கிச் சென்று, ஆயிரக்கணக்கான இழைகளுள் அறுந்துபோன ஓரிழையைப் பற்றிவிடுகிறார். தேடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே சென்றமையால், தேடிய பொருள் தானே அகப்பட்டது.

கைத்தறியில் பயிலும் இவ்வறிவையே, ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கும் முன்னர் ஓர் அறிஞர் ஒழுங்குபட வகுத்து, ஒரு சிறு சக்கரமாக அமைத்துக் காட்டினார். அவர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் என்பது மரபு. அச்சக்கரம் யாதென அறியும் முன், இக்காலச் சிறுவர் நன்கறிந்த ஒரு பூட்டினைத் திறந்து பார்ப்போம்.

சிறுவர் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் விளையாட்டுக்கள் சிலவற்றில், வழியை மறித்து நிற்கும் கதவொன்று வரும். அதிற் பூட்டு உண்டு, சாவி இல்லை. 0 முதல் 9 வரை இலக்கங்கள் பொறித்த சக்கரங்கள் மூன்று அப்பூட்டில் இருக்கும். மூன்றையும் உரிய இலக்கங்களில் நிறுத்தினால் கதவு திறக்கும். மிதிவண்டிகளிலும் பயணப் பெட்டிகளிலும் காணும் எண்பூட்டுக்களும் இவ்வகையினவே.

மூன்று சக்கரங்களில் அமையக்கூடிய எண்கள் 10 × 10 × 10, அஃதாவது 1,000. ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்க்க ஒருவன் முற்பட்டால், ஒரு முயற்சிக்கு ஐந்து நொடி என்று கொள்ளினும், முடிவு வரை செல்ல 5,000 நொடி ஆகும். அது 83 நிமிடத்திற்கு மேற்பட்ட காலம். மேலும், விளையாட்டை அமைத்தவர் அத்தனை முயற்சிக்கு இடங்கொடுப்பதில்லை. சில குறிப்புக்களையே தருவர். அத்தகைய குறிப்புக்கள் ஐந்தினைக் கீழே காண்க. திறக்கும் எண்ணின் மூன்று இலக்கங்களும் வெவ்வேறானவை என்பது விதி.

முதற் குறிப்பு: 8 3 6. இவற்றுள் ஓரிலக்கமும் பூட்டின் எண்ணில் இல்லை.
இரண்டாம் குறிப்பு: 2 8 9. ஓரிலக்கம் உண்டு, அதன் இடம் வேறு.
மூன்றாம் குறிப்பு: 9 7 6. ஓரிலக்கம் உண்டு, அதன் இடமும் அதுவே.
நான்காம் குறிப்பு: 5 4 7. ஈரிலக்கங்கள் உண்டு, இரண்டன் இடமும் வேறு.
ஐந்தாம் குறிப்பு: 1 0 4. ஓரிலக்கம் உண்டு, அதன் இடம் வேறு.

மூன்று இலக்கங்களும் வெவ்வேறானவை என்ற விதியாலேயே 1,000 என்பது 720 ஆகக் குறைந்துவிட்டது. இனி முதற் குறிப்பை நோக்குவோம். ஒன்றுமே இல்லை என்று கூறும் இக்குறிப்பைப் பயனற்றது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. 8, 3, 6 என்னும் மூன்றும் நீங்கவே எஞ்சிய இலக்கங்கள் ஏழு. அவற்றால் அமையும் எண்கள் 7 × 6 × 5, அஃதாவது 210. 'இல்லை' என்னும் ஒரு விடை 510 எண்களை ஒரே கணத்தில் அகற்றிவிட்டது. தவறிய முயற்சியும், அதனை நினைவிற் கொள்பவனுக்கு ஒரு வருவாயே ஆகும்.

இரண்டாம் குறிப்பில் 8 முன்னரே நீங்கிவிட்டது. ஆகவே 2, 9 என்னும் இரண்டனுள் ஒன்றே பூட்டின் எண்ணில் உண்டு, மற்றொன்று இல்லை. மூன்றாம் குறிப்பில் 6 நீங்கிவிட்டது. ஆகவே 9 முதலிடத்தில் உண்டு, அன்றேல் 7 நடுவிடத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்து இரா. இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. அறிவுடையோன் தனக்கு விருப்பமான வழியைத் தேர்ந்து மற்றதை மறப்பதில்லை. இரண்டு வழியிலும் இறுதி வரை சென்று காண்கிறான்.

முதல் வழி: 9 முதலிடத்தில் உண்டெனக் கொள்வோம். அப்பொழுது 7 இல்லை. ஆகவே நான்காம் குறிப்பின்படி 5, 4 இரண்டும் இருத்தல் வேண்டும். 4 நடுவில் நில்லாது. ஆதலின் அது கடையில் நிற்கும். 5 நடுவில் நிற்கும். கிடைக்கும் எண் 954.

இரண்டாம் வழி: 7 நடுவிடத்தில் உண்டெனக் கொள்வோம். அப்பொழுது 9 இல்லை. ஆகவே இரண்டாம் குறிப்பின்படி 2 உண்டு. அது முதலிடத்தில் நில்லாது. நடுவிடம் 7-க்கு உரியது. ஆதலின் 2 கடையில் நிற்கும். எஞ்சிய முதலிடத்திற்கு நான்காம் குறிப்பின்படி 5, 4 என்னும் இரண்டனுள் ஒன்று வருதல் வேண்டும். 5 முதலிடத்தில் நில்லாது. ஆகவே 4 நிற்கும். கிடைக்கும் எண் 472.

ஆயிரம் எண்களுள் இப்பொழுது எஞ்சியவை இரண்டே: 954, 472. நான்கு குறிப்புக்களுக்கும் இவ்விரண்டும் பொருந்துகின்றன. ஐந்தாம் குறிப்பின் முற்பகுதி, 1, 0, 4 என்பவற்றுள் ஓரிலக்கம் உண்டு என்கிறது. 1, 0 இரண்டும் எஞ்சிய எண்கள் எவற்றிலும் இல்லை. ஆகவே அவ்விலக்கம் 4. ஆனால் 4 என்பது 954-இலும் உண்டு, 472-இலும் உண்டு. ஆகவே 'நான்கு உண்டு' என்னும் செய்தி உண்மையே ஆயினும், பூட்டைத் திறக்க உதவாது. 'அதன் இடம் வேறு' என்னும் பிற்பகுதியைச் சேர்த்துப் பார்த்த பின்னரே முடிவு பிறக்கிறது. 954-இல் 4 கடையிடத்திலேயே உள்ளது. எனவே அது பொருந்தாது. திறக்கும் எண் 472.

உண்மையான செய்திகளுள்ளும் முடிவைத் தருவன உண்டு, தராதன உண்டு என்பதை இங்கே நன்கு மனத்திற் கொள்க. இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

இவ்வகை ஆராய்ச்சியை அறிஞரும் மதித்துப் போற்றினர். மறைத்து வைத்த நிற வரிசையை வினாவி அறியும் 'மாஸ்டர்மைண்ட்' என்னும் விளையாட்டில், ஆறு நிறங்களும் நான்கு இடங்களும் உண்டு. அமையக்கூடிய வரிசைகள் 1,296. முறைப்படி வினவினால் எவ்வரிசையையும் ஐந்து முயற்சிக்குள் கண்டுவிடலாம் என்று கணினியியல் அறிஞர் டொனால்டு கனூத் 1977-ஆம் ஆண்டில் நிறுவினார்.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க நாட்டு லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றினார். அங்கே அணுகுண்டு ஆய்வின் இரகசியங்கள் எண்பூட்டுப் பெட்டகங்களில் வைக்கப்பட்டிருந்தன. பூட்டின் வட்டில் 100 எண்கள். அவற்றுள் மூன்றினை வரிசையாக நிறுத்துதல் வேண்டும். அமையக்கூடிய வரிசைகள் பத்து இலட்சம். ஆனால் உரிய எண்ணுக்கு இரண்டு முன்னோ பின்னோ நிறுத்தினும் பூட்டு திறப்பதை அவர் கண்டறிந்தார். எனவே ஐந்து எண்ணுக்கு ஒன்றைச் சோதித்தாற் போதும். பத்து இலட்சம் 20 × 20 × 20, அஃதாவது 8,000 ஆயிற்று. திறந்து கிடக்கும் பெட்டகத்தின் வட்டைச் சுழற்றிப் பார்த்தே கடை இரண்டு எண்களையும் அறியலாம் என்பதையும் அவர் கண்டார். அதன்பின் எஞ்சியவை இருபது முயற்சிகளே. பூட்டை நம்பி அயர்ந்திருந்தோர்க்கு அது பெரியதோர் எச்சரிக்கை ஆயிற்று.

இனிக் காஞ்சிக்கு வருவோம். இந்நகர் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றிருப்பது போலப் பண்டைக்காலத்தில் கல்விக்கும் பெயர்பெற்றிருந்தது. கடம்பர் குலத்து மயூரசன்மன் கற்கும்பொருட்டு வந்து சேர்ந்த கடிகை இந்நகரத்தது எனத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறும். நாளந்தாவில் தலைமை பூண்டு விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் எனச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்தார். கி. பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகர், காஞ்சியை அடுத்த சிம்மவக்திரம் என்னும் ஊரினர் எனத் திபெத்திய வரலாற்று நூல்கள் கூறும். அவர் இயற்றிய சிறு நூல்களுள் ஒன்றே ஏதுச் சக்கரம். அதன் வடமொழி மூலம் மறைந்துவிட்டது. திபெத்திய மொழிபெயர்ப்பே அதனைக் காத்துத் தந்தது.

தமிழிலும் இவ்வறிவு தழைத்தது. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்டு, பின்னர்க் காஞ்சியை அடைந்து, அறவண அடிகளிடம் அறங் கேட்கிறாள். அடிகள் அவளுக்கு எடுத்தவுடன் அறத்தை உரைத்தாரல்லர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் அளவை முறையையே முதலில் உரைத்தார். காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் இதனைக் காணலாம். உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடியில் இந்நூலை ஆராய்ந்த காலத்தில் அதன் பொருள் அவர்க்கே பூட்டிக் கிடந்தது. கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியர் அது பௌத்த சமய நூல் என்று உணர்த்திய பின்னரே தடை நீங்கியது; 1898-ஆம் ஆண்டில் நூல் அச்சேறியது.

அந்நூல்கள் கூறும் நெறியைச் சுருங்கக் காண்போம். நிறுவ வேண்டிய கூற்று பக்கம் எனப்படும். 'இம்மலை நெருப்புடையது' என்பது போல. அதற்குக் காட்டும் காரணம் ஏது. 'புகை உடைமையால்' என்பது போல. எடுத்துக்காட்டு திட்டாந்தம், 'அடுக்களை போல' என்பது போல. நிறுவக் கருதிய தன்மையை உடைய பொருள்கள் சபக்கம். அத்தன்மை இல்லாதன விபக்கம். இங்கே நெருப்புடைய அடுக்களை சபக்கம். நெருப்பில்லாத ஏரி விபக்கம்.

காட்டிய ஏது சபக்கப் பொருள்கள் அனைத்திலும் இருக்கலாம், சிலவற்றில் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாதிருக்கலாம். விபக்கத்திலும் அவ்வாறே மூன்று நிலைகள் உண்டு. மூன்றை மூன்றாற் பெருக்க ஒன்பது நிலைகள் ஆகும். இவ்வொன்பதையும் அறைகளாக அடுக்கியதே ஏதுச் சக்கரம். திங்நாகர் ஒவ்வோர் அறையையும் சோதித்து, இரண்டே உண்மை முடிவைத் தருவன என்று காட்டினார். இரண்டு அறைகள் கருதியதற்கு நேர்மாறான முடிவைத் தருவன. எஞ்சிய ஐந்தும் எம்முடிவையும் தாரா.

முடிவைத் தரும் அறைகள் இரண்டும் யாவை? ஏது சபக்கம் அனைத்திலுமோ சிலவற்றிலோ இருத்தல் வேண்டும்; விபக்கத்தில் ஓரிடத்தும் இருத்தல் ஆகாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆயினும் புகை என்னும் ஏது பழுதுபடாது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருக்க வேண்டும் என்பதில்லை. நெருப்பில்லாத ஓரிடத்தேனும் புகை இருத்தல் கூடாது என்பதே விதி. தன் பக்கத்திற் சிலவற்றை விட்டாலும் குற்றமில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் தொட்டாலும் ஏது வீழ்ந்துபடும்.

நெறி பிழைத்த ஏதுவை ஏதுப் போலி என்று மணிமேகலை கூறி, அதனை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகையாக வகுக்கிறது. ஆவியோ பனியோ எனத் தெளியாத ஒன்றைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிதல் அசித்தத்தின் பாற்படும்; அங்கே ஏதுவே உறுதிப்படவில்லை. இரு பக்கத்திற்கும் பொதுவான ஏது அநைகாந்திகத்தின் பாற்படும். ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அஃது அறியப்படுகிறது என்று ஒருவன் கூறினால், அழியும் குடமும் அறியப்படுகிறது. அழியாதது என்று அவர் கொண்ட ஆகாயமும் அறியப்படுகிறது. ஆகவே ஏது எப்பக்கமும் சாரவில்லை. கருதியதற்கு மாறானதையே நிறுவும் ஏது விருத்தம்.

இப்பொழுது நம் எண்பூட்டை மீண்டும் நினைவுகூர்க. 'எண் 472, ஏனெனில் நான்கு உண்டு' என்று ஒருவன் கூறினால், அவ்வேது 954-க்கும் பொதுவாயிற்று, அது போலி. 'எண் 472; ஏனெனில் நான்கு உண்டு, அதுவும் கடையிடத்தில் இல்லை' என்று கூறினால், அவ்வேது 954-ஐத் தீண்டாது; அது மெய். விளையாடும் சிறுவன் பெயரறியாமற் செய்வதைத் திங்நாகர் பெயரிட்டு வகுத்தார், வேறுபாடு அவ்வளவே.

மாணவர்களே, பூட்டில் தவறினால் மீண்டும் சுழற்றலாம். மனிதரிடத்தில் தவறினால் அவ்வாறு செய்ய இயலாது. ஒரு தறிக்கூடத்தில் ஒரு சரிகைக் கண்டு காணாமற்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை அங்கு வேலைசெய்யும் இளைஞன் ஒருவன் வழக்கத்திற்கு மாறாக விரைந்து சென்றான். 'அவனே எடுத்தான், விரைந்து சென்றானன்றோ?' என்று ஒருவர் கூறுகிறார். கேட்டவர் தலையசைக்கிறார். மறுநாள் தெருவெல்லாம் அதுவே பேச்சு.

இவ்வேதுவைச் சக்கரத்தில் இட்டுப் பார்ப்போம். திருடினோர் விரைந்து செல்வதுண்டா? சிலர் செல்வர். திருடாதோர் விரைந்து செல்வதுண்டா? தாய் நோயுற்றிருப்பவன் விரைவான், பேருந்தைத் தவறவிட அஞ்சுபவன் விரைவான், பசித்தவனும் விரைவான். ஏது இரு பக்கத்திற்கும் பொது. ஆகவே அது முடிவைத் தாராது. அவன் விரைந்தது உண்மை. அவன் திருடினான் என்பதற்கு அவ்வுண்மை சான்றன்று. பின்னொரு நாள் அக்கண்டு பெட்டியின் அடியிற் கிடைத்தாலும், கெட்ட பெயர் பழைய நிலைக்கு மீளுமோ? பொய் சொல்லாமலேயே, மெய்யான ஒன்றைத் தவறான முடிவோடு பிணைத்து, ஒருவன் வாழ்வைக் கெடுத்துவிடலாம். ஆதலின், ஒருவரைக் குற்றஞ் சாட்ட எண்ணும்பொழுது, 'இவ்வடையாளம் குற்றமற்றவரிடத்தும் காணப்படுமோ?' என்னும் வினாவை முதலில் எழுப்புக. 'படும்' என்று விடை வருமாயின் வாய் திறவாதிருத்தலே அறிவும் அறமும் ஆகும். கைப்பேசியில் ஒரு செய்தி நொடிப்பொழுதில் ஆயிரவரை அடையும் இக்காலத்தில் இவ்வினா முன்னினும் இன்றியமையாததாயிற்று.

மற்றொன்றும் கூறுதல் தகும். விளையாட்டிற் பூட்டு, திறக்கப்படுதற்கென்றே அமைக்கப்பட்டது. பிறர் பெட்டியிலும் வீட்டிலும் உள்ள பூட்டு அத்தகையதன்று. திறக்கும் முறையை அறிந்தமையால் திறக்கும் உரிமை வந்துவிடாது. அறிவு கைவந்தவன் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே, ஐயம் நேர்ந்த இடத்தில் அவசரப்படாதீர். இருக்கக்கூடியவை யாவை என்று முதலில் எண்ணுக. 'இல்லை' என்ற விடையையும் மதித்துக் குறித்துக்கொள்க. விரும்பிய வழியை மட்டுமன்றி விரும்பாத வழியையும் இறுதி வரை சென்று காண்க. இரு பக்கத்திற்கும் பொதுவானதைச் சான்றாகக் கொள்ளாது விலக்குக. எதிர்ப்பக்கத்தைத் தீண்டாத ஏது கிடைக்கும் வரை பொறுத்திருந்து, கிடைத்த பின் அஞ்சாது துணிக.

பயிற்சி

1. கருத்தளவை என்பது யாது? நெசவாளர் அறுந்த இழையைக் காணும் முறை கொண்டு விளக்குக.
2. 'இல்லை' என்னும் விடையும் பயனுடையது என்பதை எண்பூட்டின் முதற் குறிப்பால் நிறுவுக.
3. ஐந்தாம் குறிப்பில் '1 0 4: ஓரிலக்கம் உண்டு, அதன் இடமும் அதுவே' என்று இருந்திருப்பின் பூட்டைத் திறக்கும் எண் யாது? காரணங் காட்டுக.
4. பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை இல்லாமை, புகை என்னும் ஏதுவைப் பழுதாக்காதது ஏன்?
5. 'மெய்யான செய்தியும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லலாம்' என்பதை உம் பட்டறிவில் கண்ட ஒரு நிகழ்ச்சி கொண்டு, எவர் பெயரையும் சுட்டாது, ஒரு பக்க அளவில் எழுதுக.